கேமராவும் பிளக் பாயிண்ட்டும்: தண்டையார்பேட்டையில் ஒரு எடிட்டிங் பிசி, மூன்று வருடத்துக்குப் பிறகு

கல்யாண வீடியோவும் கானா ஆல்பமும் எடிட் செய்வதற்காக 2023 தொடக்கத்தில் இந்த பிசியை அசெம்பிள் செய்தேன். வீட்டின் முன்னறைதான் எடிட் சூட். வாங்கிய வாரத்தில் எழுதினால் எல்லா பார்ட்டும் பிரமாதமாகத்தான் தெரியும். மூன்று கோடை, மூன்று மழை, எத்தனையோ முகூர்த்தம் பார்த்த மிஷின் என்பதால் இப்போது தைரியமாகப் பேசலாம்.

என்னென்ன போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல் ஐ7-12700 பிராசஸர், பி660 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 32 ஜிபி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பெட்டி), இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது.

பிசி போடப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு. கேமரா எது? வீட்டில் கரண்ட் எப்படி? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி பார்ட் தானாக முடிவாகிவிடும்.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 மார்க் 4. 4கே எச்.265 என்ற சுருக்க முறையில், 10-பிட் 4:2:2 நிறத்தில் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் வகை), 50 ஃப்ரேமில் எடுத்தால் நொடிக்கு 200 மெகாபிட். அதாவது நிமிடத்துக்கு 1.5 ஜிபி, மணிக்கு 90 ஜிபி. இதைப் படிப்பது டிஸ்க்குக்குப் பெரிய வேலையே இல்லை. நொடிக்கு 25 எம்பிதான். கஷ்டம் டிகோடிங்கில், அதாவது சுருக்கிய ஃபைலை மறுபடி படமாக விரிப்பதில். எச்.265 ஃபைலில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசாக இருக்காது. முன்னே பின்னே உள்ள ஃப்ரேம்களிலிருந்து கணக்குப் போட்டுத்தான் படத்தை உருவாக்க வேண்டும். டைம்லைனில் தாலி கட்டும் இடத்தைத் தேடி மௌஸை இழுக்கும்போது, நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கணக்கு மறுபடி நடக்கும்.

இதற்கென்றே தனி டிகோடர் சிப்புக்குள் இருந்தால் வேலை வழுக்கிக்கொண்டு போகும். இன்டெல்லின் உள்ளமை கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்று இருப்பது அதுதான். 12700-இல் உள்ள யூஎச்டி 770 இந்த எச்.265 4:2:2 ஃபைலை அப்படியே டிகோட் செய்துவிடும். அன்றைக்குக் கடையில் கிடைத்த என்விடியா கார்டுகளால், 4090 உட்பட, அது முடியாது. 4:2:2 என்விடியாவுக்கு வந்தது 2025-இல் 50 வரிசை வந்த பிறகுதான். ஏஎம்டியின் ரைசன் பக்கமும் அப்போது அது இல்லை. ரைசன் மோசமான பிராசஸர் என்று சொல்லவில்லை. என் கேமரா ஃபைலுக்கு அதில் வழி இல்லை, அவ்வளவுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில், "அண்ணே, கிராஃபிக்ஸ் கார்டு தனியா போடத்தானே போறீங்க, 12700எஃப் எடுத்துக்குங்க, ரெண்டாயிரம் மிச்சம்" என்றார்கள். எஃப் என்று முடியும் சிப்பில் உள்ளமை கிராஃபிக்ஸே இருக்காது. கேம் ஆடுகிறவருக்கு அது நல்ல யோசனை. எனக்கு அந்த ரெண்டாயிரத்தில்தான் மொத்த விஷயமும் இருந்தது. அப்போதே தலையாட்டியிருந்தால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல் ஃபைல்) போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்திருப்பேன்.

உள்ளமை கிராஃபிக்ஸ் உள்ள சிப்பை வாங்கியவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்ளமை கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குக்குள்) போய் அதை மறுபடி இயக்க வேண்டும். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இரண்டு ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) தெரியும். கிளிப்பை ஓட்டும்போது இன்டெல்லுக்குக் கீழே 'வீடியோ டிகோட்' கோடு ஏறினால் சரி. ஏறாமல் பிராசஸர் கோடு உச்சியில் நின்றால் எங்கோ அணைந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் இதே பிராசஸரை வைத்துக்கொண்டு, "மிஷின் ஸ்லோ" என்று ராம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்ததும் ராம் செலவு நின்றுபோனது.

குறையும் சொல்ல வேண்டும். இதே கேமராவில் பழைய சுருக்க முறையான எச்.264-இல் 4:2:2 எடுத்தால் குவிக் சிங்க் கைவிரித்துவிடும். 4கே எச்.265 முறையில் 25 ஃப்ரேம் கிடையாது, 50 தான். ஆகவே 25-இல் எடுத்துத் தரும் நண்பர்களின் ஃபைல் எல்லாம் எச்.264 ஆக வரும். சுமை முழுக்கப் பிராசஸர் கோர்கள் மேல். பன்னிரண்டு கோர் இருப்பதால் ஒரு கேமரா தாங்குகிறது. மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் மல்ட்டிகேமில் போட்டால் பிராக்ஸிதான்.

கிராஃபிக்ஸ் கார்டை இத்தனை நேரம் கழித்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. என் வேலையில் அது இரண்டாம் இடம்தான். 3060-ஐ எடுத்தது 12 ஜிபி மெமரிக்காக. இதைவிட வேகமான 3060 டிஐ-யில் 8 ஜிபிதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ராத்திரி கானா மேடையில் எடுத்த ஃபுட்டேஜுக்கு, இருட்டில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்கள், மெமரி எப்படிக் கரைகிறது என்று தெரியும். 'ஜிபியூ மெமரி ஃபுல்' என்று வந்துவிட்டால் வேகமான கார்டும் மெதுவான கார்டும் ஒன்றுதான். முன்பின் ஃப்ரேம்களை ஒப்பிட்டுச் செய்யும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் ரிசால்வின் இலவசப் பதிப்பில் கிடையாது. ஸ்டூடியோ பதிப்புக்கு 295 டாலர், ஒரே தடவை. பார்ட் பட்ஜெட்டிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் செகண்ட்ஹேண்ட் கார்டுகள் கொள்ளை மலிவாகக் கிடைத்தன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி உருவாக்கும் மைனிங் முறையை விட்டதும், ராப்பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன. நான் பில்லோடு புதியதாகவே எடுத்தேன். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் எந்த பார்ட்டையும் நான் வாங்குவதில்லை.

அந்தப் பில்லுக்கு ஒருமுறை வேலையும் வந்தது. இரண்டு எஸ்எஸ்டியில் ஒன்று இரண்டாம் வருடம் படுத்துவிட்டது. முதலில் ஃபைல் திறக்க யோசிக்கும், பிறகு டிரைவே காணாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால் வரும். வாரன்டியில் மாற்றித் தந்தார்கள். ஆனால் சில வாரம் ஆனது, டேட்டாவுக்கு அவர்கள் பொறுப்பு இல்லை. கார்டிலிருந்து எடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிடும் வழக்கம் இருந்ததால் திருவொற்றியூர் கல்யாணம் ஒன்று தப்பித்தது.

எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் அட்டையில் போட்டிருக்கும் 7000 எம்பி வேகத்துக்கு மயங்க வேண்டாம். நம் ஃபுட்டேஜ் கேட்பது நொடிக்கு 25 எம்பி. அதைவிடப் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் மெமரி செல் கியூஎல்சியா (ஒரு செல்லில் நான்கு பிட்) டிஎல்சியா (மூன்று பிட்) என்பது. மலிவான கியூஎல்சி டிரைவில் பெரிய ஃபோல்டரைக் கொட்டினால் ஆரம்பத்தில் பறக்கும். கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படித்தான், எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகையைத் தவிர்த்து, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் திணறும்.

இனி கரண்ட். வடசென்னையில் பழைய வீட்டில் பிசி வைக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அசெம்பிள் செய்து ஆன் செய்த அன்றே கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் விரல் பட்டால் சுருக்கென்றது. ஹெட்போனில் ஓயாத இரைச்சல் வேறு. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்பின் ஒரு வயரை ஃபேஸிலும் மற்றொன்றை எர்த் துளையிலும் வைத்தார். பல்பு எரியவே இல்லை. "தம்பி, மூணாவது துளை சும்மா அழகுக்குத்தான் இருக்கு" என்றார்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியும் சிறு மின்சாரத்தை எர்த் வயரில்தான் இறக்கும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டின் உலோகத்திலேயே நிற்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் இது நடக்கும். நம் ஆட்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டிவிட்டு வேறொன்று வாங்குவார்கள். கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, எர்த் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தனி வயர் இழுத்தோம். சுருக்கும் போனது, இரைச்சலும் போனது. கடல் பக்கத்து மண்ணில் பைப் சீக்கிரம் அரிக்கும் என்று அண்ணன் சொன்னதால் அவ்வப்போது வரச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

யூபிஎஸ்ஸிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிராசஸர் உச்சத்தில் 180 வாட், கார்டு 170 வாட், மற்றதெல்லாம் சேர்த்தால் ரெண்டர் நேரத்தில் 450 வாட்டைத் தொடும். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவதே 360 வாட் அளவுதான். மேலும் மலிவானவை தருவது படிக்கட்டு மாதிரியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில, கரண்ட் போய் யூபிஎஸ் கைமாற்றும் நொடியில் அந்த அலையைப் பிடிக்காமல் அணைந்துவிடும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் பியூர் சைன்வேவ் 1 கேவிஏ வாங்கினேன். கார்டில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தை இங்கே போட்டேன். மே மாதத்தில் கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் அது சரியான கணக்கு என்று தோன்றும்.

தூசியும் உப்புக் காற்றும் தனி ரகம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை, அந்தப் பக்கம் காசிமேட்டுக் காற்று. ஃபில்டரில் படிவது சாம்பல் நிறத் தூசி இல்லை, கையில் ஒட்டும் கறுப்பு மை. பின்பக்கத்தில் யூஎஸ்பி போர்ட்டின் ஓரத்திலும் ஸ்க்ரூ தலையிலும் துரு பூத்திருக்கிறது. போர்டில் இதுவரை ஒன்றும் இல்லை. தினமும் ஓடிச் சூடாக இருப்பதால் ஈரம் தங்குவதில்லை என்று நினைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, அப்போதுதான் கேபினெட்டைத் திறந்து புளோயர் அடிப்பேன். கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட்டை விட்டுவிட்டு, முன்பக்கம் வலை போட்ட சாதாரண உலோகப் பெட்டியாக எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் வாசற்படியைத் தாண்டுவதற்குள் அதை ஒரே ஆளாகத் தூக்கிப் பரணில் வைக்க முடிந்தது.

கூலர் விஷயத்தில் வாட்டர் கூலிங்குக்குப் போகவில்லை. பெரிய ஏர் கூலர்தான். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், வெயில் கொளுத்தும் மதியத்தில் நீண்ட எக்ஸ்போர்ட் போட்டால் பிராசஸர் 85 டிகிரியைத் தொடும். வேகம் குறைந்ததில்லை.

மானிட்டர் பற்றிச் சுருக்கமாக. 27 இஞ்ச் ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பு முழுவதும் காட்டும், நண்பரிடமிருந்து நிறத்தை அளக்கும் கேலிபிரேட்டரை வாங்கி அவ்வப்போது சரிசெய்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் சிவந்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அரக்குப் பட்டு பழுப்பாகத் தெரிந்தால் மணப்பெண்ணின் அம்மாவே போன் செய்வார்.

இன்றைக்குப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு நிலவரம் வேறு. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொள்வதால் ராம் விலை எகிறிக் கிடக்கிறது. மைக்ரான் நிறுவனமே குரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்ததை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நான் 64 ஜிபி ஆக்கும் எண்ணத்தை ஒத்திவைத்திருக்கிறேன். செகண்ட்ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 எடுப்பதாக இருந்தால், 2024-இல் வெளிவந்த வோல்டேஜ் பிரச்சினைக்கான பயாஸ் அப்டேட் போட்டிருக்கிறதா, நீட்டித்த வாரன்டி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். 12-ஆம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு அடுத்து மாற்ற வேண்டியது கார்டுதான். 5060 டிஐ 16 ஜிபியில் எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 டிகோடர் இருக்கிறது. 180 வாட் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸையும் தொட வேண்டாம். தை முகூர்த்தங்களின் பாக்கிப் பணம் வந்ததும் எடுப்பேன். பழைய 3060-ஐ வியாசர்பாடியில் கானா வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான். அவன் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கேபினெட்டோடு சும்மா வந்த பெயர் தெரியாத பெட்டி. அதை மாற்றிவிட்டு வாடா, அப்புறம் கார்டு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.