உருகாத மெழுகுக்கு 12,000 கியாட்

விமானம், விசா, அக்கா மகள் கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதையெல்லாம் எழுத ஒன்றுமில்லை. நான் வளர்ந்த ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியும் மனதைவிட்டுப் போகாமல் இருப்பது ஒரு மெழுகுச் சட்டியும் ஒரு கயிறும்தான்.

கை கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே, மழை ஈரத்தில் செருப்பு வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டை ஒட்டி எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று என் முன்கையைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது, வாடிப்போன முருங்கைக்காய் மாதிரி. தெரபிஸ்ட் ஒரு கருவியைக் கையில் கொடுத்து மூன்று தடவை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி சராசரி எடுத்தார். இடது கை 36 கிலோ, வலது கை 11. ஆயுசு முழுக்க வேலை செய்த கை, சும்மா கிடந்த கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் கடிகார முள்தான். 9.40 என்றால் 9.40. சூடான மெழுகில் கையை முக்கி முக்கி எடுப்பார்கள், பிளாஸ்டிக்கும் துண்டும் சுற்றி இருபது நிமிடம் வைப்பார்கள், அப்புறம் மடக்கல் நீட்டல், கடைசியில் பிசைவதற்கு ஒரு களிமண். மஞ்சள் லேசானது, பச்சை கொஞ்சம் கெட்டி என்று நிறத்துக்கு நிறம் கடினம் ஏறும். பதினோராவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, இனி மெதுவாகப் பளு ஏற்றலாம் என்றார்கள். வலது கை 14 கிலோவுக்கு வந்திருந்தது. ஊருக்குப் போவதாகச் சொன்னேன். "விட்டுவிடாதீர்கள், அங்கேயே ஒரு பிசியோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பச்சைக் களிமண்ணை மறக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். மே மாத ரங்கூன் வெயிலில் அது இளகி, கல்யாணத்துக்கு வைத்திருந்த லுங்கியில் ஒட்டிக்கொண்டது. அதோடு அதன் கதை முடிந்தது.

சரி, ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம், நம்மாட்கள் பலரும் போகிற இடம்தான். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். நான் சிங்கப்பூர்க்காரனாகி 22 வருஷம் ஆகிவிட்டதால் 9.50-க்கே போய் நின்றேன். எண் சீட்டு ஒரு ஜன்னலில், காசு கட்டுவது இன்னொரு ஜன்னலில், கட்டிய ரசீதில் முத்திரை மூன்றாவது ஜன்னலில். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மெழுகு ஒத்தடம் 12,000 கியாட் (பர்மா நாணயம்), உடற்பயிற்சி 15,000 என்று பிரித்துப் போட்டு முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். உள்ளே கூப்பிட்டபோது மணி 11.50.

நான் நாற்காலியில் உட்காரவும் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. "மீ பியெ" (மின்சாரம் போச்சு) என்று எங்கோ ஒரு குரல், கூடவே மாடி முழுக்க ஒரு பெருமூச்சு. மே மாதம், அணைகளில் தண்ணீர் வற்றும் காலம், மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கும் லிஃப்டுக்கும்தானாம், பிசியோ அறைக்கு இல்லை.

மெழுகுச் சட்டியைத் திறந்தார்கள். காலையிலிருந்தே சரியாக மின்சாரம் இல்லை போலிருக்கிறது. மேலே வெள்ளையாக ஆடை கட்டி, கோயிலில் அணைந்துபோன பெரிய அகல் மாதிரி இறுகிக் கிடந்தது. உதவிக்கு இருந்த பெண் விரலால் அழுத்திப் பார்த்தாள், பள்ளம்கூட விழவில்லை. ஐம்பது டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய மெழுகு! அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கையை எடுத்து சட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டி வைத்து, துண்டைப் போர்த்தி, இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டுப் போய்விட்டாள். சட்டி என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஊர் மண்ணை மிதித்ததும் பழைய பையனாகிவிடுகிறேன் போல. சிங்கப்பூரில் இப்படி நடந்திருந்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் புகார் எழுதி அனுப்பியிருப்பேன்.

மணி அடித்ததும் சயாமா, அதாவது பிசியோ அம்மா, வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, பர்மாக்காரப் பெண். துண்டைத் தூக்கிப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், உதவிக்காரப் பெண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தினார். வலிக்கவில்லை.

அப்புறம் ஒரு பேனாவைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் மணிக்கட்டைக் கீழ்நோக்கி நன்றாக மடக்கிவிட்டுப் பேனாவை இழுத்தார், வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டது. அடுத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கி நிறுத்திவிட்டு இழுத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. "ஊலே (மாமா), பிடி விரலில் இல்லை" என்றார். விரலை மடக்கும் பெரிய தசைகள் எல்லாம் முன்கையில் இருக்கின்றனவாம். அங்கிருந்து ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒரு குறுகிய சந்து வழியாக வந்துதான் விரலை இழுக்கின்றன. முன்கையின் வெளிப்பக்கத் தசை மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தினால்தான் உள்பக்கத் தசைக்கு இழுக்க வசம் கிடைக்கும். என் வெளிப்பக்கம் கட்டுக்குள் கிடந்து சோம்பிவிட்டது. களிமண்ணையே பிசைந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் உள்பக்கம்தான் தேறும். சிங்கப்பூரிலும் இதைச் சொல்லியிருப்பார்கள், அச்சடித்த தாளில் படத்தோடு. அந்தத் தாள் இன்னும் மேசை அறைக்குள் மடித்த மடிப்பு கலையாமல் கிடக்கிறது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் நான் எதிர்பார்க்காதது. "வீடு எத்தனாவது மாடி? கயிறு இருக்கிறதா?"

ரங்கூன் டவுனில் வளர்ந்தவர்களுக்குக் கயிறு என்றால் எது என்று சொல்ல வேண்டாம். லிஃப்ட் இல்லாத வீடுகள். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு, நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே வியாபாரி இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் வீடு காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஐந்தாவது மாடி. காலைப் பேப்பரிலிருந்து வெங்காயம் வரைக்கும் அதில்தான் ஏறும்.

"மூன்று வேளை நீங்கள் இழுங்கள். முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும், மணிக்கட்டு கொஞ்சம் மேல்நோக்கி நிற்கட்டும். முக்கியம், இறக்கும்போது கயிற்றை ஓட விடாதீர்கள், ஒவ்வொரு பிடியாக விடுங்கள்." மறுநாள் காலைக்குள் அலுப்பு தீர்ந்துவிட்டால் எடையைக் கூட்டலாம், வீக்கமோ வலியோ மிச்சமிருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு என்றார். துணி பிழிவதும், சுத்தியலைப் பிடித்துக்கொண்டு முன்கையை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புவதும் கூடுதல். முதலில் சுத்தியல் தலையை ஒட்டிப் பிடிக்க வேண்டும், போகப் போகக் கைப்பிடி நுனிக்கு நகர வேண்டும்.

கீழே வந்து மெழுகுக் காசைத் திருப்பிக் கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது" என்றாள். மெழுகு உருகவே இல்லை என்றேன். "ஆனால் இருபது நிமிடம் வைத்தார்களே?" அதற்கு என்ன பதில் சொல்வது? அரைமணி நேரம் நின்றேன். மின்சாரம் வந்து, "மீ லாபி" என்று கட்டிடமே ஆரவாரம் செய்து, மறுபடி போய்விட்டது. கடைசியில் ரசீதின் பின்பக்கம், அடுத்த முறை கழித்துக்கொள்ளப்படும், ஆறு மாதம் செல்லும் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். சிங்கப்பூரில் கேட்காமலே காசு திரும்பி வந்திருக்கும். ஆனால் ஒன்று, அங்கே முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு நான் மூன்று வாரம் காத்திருந்தேன். ரங்கூனில் இரண்டு மணி நேரம். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் காலை ஆறரைக்கு மணி அடித்தது. மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கிற அம்மா. நான் பால்கனிக்கு ஓடினேன். கம்பியில் கயிறு தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஒரு பள்ளம். பையனாக நான் இழுத்த அதே பள்ளம்தான். முப்பத்தைந்து, நாற்பது பிடி பிடித்தால் பை மேலே வந்துவிடும். பதினைந்தாவது பிடியில் மணிக்கட்டு லேசாகச் சுருக்கென்றது, விட்டுவிட்டேன். குழம்புப் பை இரண்டாம் மாடி பால்கனியில் போய் மோதி வெடித்தது. அந்த வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. பர்மிய மொழியில் இவ்வளவு இன்னும் மறக்கவில்லையே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

அம்மா ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "நாப்பது வருஷமா நான் இழுக்கிறேன், எனக்கு ஒரு சயாமாவும் சீட்டு எழுதிக் குடுக்கலையேடா" என்றாள்.

அதன்பிறகு எடைக்கணக்கு வைத்துக்கொண்டேன். ரங்கூன் சந்தையில் இன்னும் வீசைதான். ஆங்கிலேயன் விஸ் என்று எழுதிக்கொண்டது நம் வீசையைத்தான். சென்னைப் பக்கத்தில் அது ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ரங்கூனில் வெங்காயக்காரன் தராசில் உயிரோடு இருக்கிறது. பர்மா வீசை 1.63 கிலோ, நம் பழைய வீசையைவிடக் கொஞ்சம் பெரிது. முதல் மூன்று நாள் அரை வீசை வெங்காயம். நான்காம் நாள் ஒரு வீசை, அன்று இரவு கை கொஞ்சம் கனத்தது, காலையில் சரியாகிவிட்டது. ஒன்பதாம் நாள் இரண்டு வீசை உருளைக்கிழங்கு.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் வேலை வாங்கியது. காலிப் பையில் காசையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் வைத்து, பிடி பிடியாக விட்டால் முன்கையின் வெளிப்பக்கம் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். பையன்கள் கீழே நின்று, "ஊலே, சீக்கிரம்!" என்று கத்துவார்கள். குழம்புப் பையில் கட்டி வரும் ரப்பர் வளையங்களை அம்மா கதவுப்பிடியில் மாட்டிச் சேர்த்து வைப்பாள். நாலைந்து வளையத்தை ஐந்து விரலைச் சுற்றியும் மாட்டி விரித்து விரித்து மூடுவேன். இது யாரும் சொல்லித் தரவில்லை, சிங்கப்பூர்த் தாளில் இருந்த படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து கருவியைப் பிடித்தேன். 19 கிலோ. என்ன செய்தீர்கள் என்று தெரபிஸ்ட் கேட்டார். சொன்னேன். அவர் நம்பாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இங்கே அதைச் செய்துவிடாதீர்கள்" என்றார். மேல்மாடியிலிருந்து ஒரு வெங்காயம் விழுந்தாலும் இங்கே வழக்குதான். அதனால் இப்போது குளியலறையில் நின்று துண்டு பிழிகிறேன். ஒரு மணியும் அடிப்பதில்லை, யாரும் கத்துவதுமில்லை.

ரசீது பர்ஸில் இருக்கிறது. ஆறு மாதம் என்றால் தீபாவளிக்குள் போக வேண்டும். அக்காவிடம் போனில் சொன்னேன். "வா, ஆனா மெழுகு உருகுற நாளாப் பாத்து வா" என்றாள்.