சேதன ஒளியுணரியா, சிலிக்கனா? கொழும்பு ஈரப்பதனில் ஓர் ஒப்பீடு

ஒளியுணரி தெரிவுசெய்யும்போது எதற்கு உணர்திறன் கூட என்ற கேள்வியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம். எந்த அலைநீளம், எவ்வளவு பரப்பு என்ற இரண்டையும் முதலில் எழுதிவையுங்கள். சிலிக்கன், சேதனக் குறைகடத்தி (காபன் சேர்வைகளால் ஆனது), இந்தியம் காலியம் ஆர்சனைட் ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோ அப்போதே கழன்றுவிடும்.

சிலிக்கனின் சக்தி இடைவெளி, அதாவது ஓர் இலத்திரனை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச சக்தி, 1.12 இலத்திரன்வோல்ற்று. அதனால் 1100 நானோமீற்றரைத் தாண்டினால் அது குருடு. இந்தியம் காலியம் ஆர்சனைட்டின் சாதாரண வகை 900 முதல் 1700 வரை பார்க்கும். கட்புல ஒளிக்கு அது உதவாது, விலையும் சிலிக்கனைப்போலப் பல பத்து மடங்கு. சேதன வகையில் எல்லையைக் கலவைதான் தீர்மானிக்கிறது; கீழே வரும் பெயர்களில் ':' குறிக்கு இருபுறமும் இருப்பவை கலக்கும் இரண்டு சேதனப் பொருள்கள். பி3எச்டி:பிசிபிஎம் 650 அளவில் நின்றுவிடும், பிஎம்6:வை6 ஏறத்தாழ 930 வரை போகும், பிடிபி7-டிஎச்:கோடிக்-4எஃப் போன்ற ஒடுங்கிய இடைவெளிக் கலவைகள் 1100ஐ நெருங்கும்.

தேயிலையின் ஈரப்பதனை அளப்பதை எடுத்துக்கொள்வோம். நீரின் உறிஞ்சல் பட்டை 970இல் ஒன்று உண்டு, ஆனால் மெலிது. பலமானது 1450இல் இருக்கிறது. 1450 வேண்டுமென்றால் பேச்சே இல்லை, இந்தியம் காலியம் ஆர்சனைட்தான். 970 போதுமென்றால் சிலிக்கன் அங்கே இன்னும் பலமாகவே நிற்கிறது, பிஎம்6:வை6 போய்ச் சேராது. 'கிட்டிய செங்கீழ் உணரி' என்ற பெயரை மட்டும் நம்பிக் கலவை வாங்கினால் இந்த 40 நானோமீற்றரில்தான் வேலை கெடும்.

துலங்கலில் பெரிய சண்டை இல்லை. குவாண்டம் திறனை, அதாவது விழும் ஒளித்துகள்களில் ஓட்டமாக மாறும் பங்கை, அலைநீளத்தால் பெருக்கி 1240ஆல் வகுத்தால் வாற்றுக்கு எத்தனை அம்பியர் என்று வந்துவிடும். 850இல் 70% திறனுள்ள சேதன உணரி 0.48 தரும். பிபிடபிள்யூ34 என்ற வழமையான சிலிக்கன் ஒளி இருவாயி அதே இடத்தில் 0.62 அளவில் தரும்.

போட்டி உண்மையில் இருளில்தான், ஒளியே இல்லாதபோதும் ஓடும் இருள் ஓட்டத்தில்தான், நடக்கிறது. சக்தி இடைவெளி ஒடுங்க ஒடுங்க, வெப்பத்தால் தானாகப் பிறக்கும் ஏற்றங்கள் கூடும். இடைவெளிக்குள் இருக்கும் பொறி நிலைகள் அதை இன்னும் ஏற்றிவிடும். 2 வோல்ற்றுப் பின்முகக் கோடலில் (தலைகீழாகக் கொடுக்கும் வோல்ற்றளவில்) சதுர சென்ரிமீற்றருக்கு 10 நானோஅம்பியர் இருள் ஓட்டம் என்றால் அது நன்றாகச் செய்த சேதன உணரி. 0.1 சதுர சென்ரிமீற்றருக்கு அது 1 நானோஅம்பியர். ஓட்டம் தனித்தனி இலத்திரன்களாக ஓடுவதால் வரும் அதன் சிதறல் இரைச்சல் ஒரு ஹேட்ஸின் வர்க்கமூலத்துக்கு 18 பெம்ரோஅம்பியர். கட்டுரைகளில் வரும் கண்ணைப் பறிக்கும் கண்டறிதிறன் (எவ்வளவு மங்கிய ஒளியைப் பிடிக்கும் என்ற அளவு) எண்கள் பல இந்த ஒரு கூறை மட்டும் வைத்துக் கணித்தவை. தாழ் அதிர்வெண்ணில் ஏறும் இரைச்சலை அளந்து காட்டாத எண்ணை நம்ப வேண்டாம்.

சுற்றில் போட்டால் கதை இன்னும் மாறும். உணரியின் ஓட்டத்தை வோல்ற்றாக மாற்றும் விரியலாக்கியில் 1 மெகாஓம் பின்னூட்டத் தடையி வைத்தால் அதன் வெப்ப இரைச்சல் மட்டுமே 129 பெம்ரோஅம்பியர், அதாவது உணரியின் இரைச்சலைப்போல ஏழு மடங்கு. இரண்டும் சமமாக 50 மெகாஓம் தேவை. ஆக, 1 மெகாஓமோடு வேலை செய்கிறவருக்கு இருள் ஓட்டம் இதைவிடக் குறைந்த உணரியால் இரைச்சலில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

50 மெகாஓமுக்குப் போனால் கொழும்புக் காற்று உள்ளே வரும். ஈயப்பற்றுப் பசை கழுவாமல் விட்ட பலகை மழை நாளில் ஈரத்தை இழுத்து, இரண்டு தடங்களுக்கிடையே 1 ஜிகாஓம் அளவுக்குக் கசியத் தொடங்கினால், 2 வோல்ற்றில் 2 நானோஅம்பியர் ஓடும். மேலே சொன்ன இருள் ஓட்டத்தின் இரு மடங்கு! உணரி கெட்டுப்போனது என்று எறியுமுன் அதன் ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ஓட்டம் அப்படியே நின்றால் குற்றவாளி பலகை. ஐசோபுரோப்பைல் அற்ககோலால் தூரிகை போட்டுக் கழுவி, உலர்த்தி, உள்ளீட்டுத் தடத்தைச் சுற்றி, அதே வோல்ற்றில் நிற்கும் ஒரு தடத்தை (காவல் வளையம்) விடுவதே மருந்து.

வேகத்தில் சேதனம் தோற்கும் இடம் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் அளவு. 200 நானோமீற்றர்ப் படலம் சதுர சென்ரிமீற்றருக்கு 15 நானோபரட் வரை வைத்திருக்கும். பிபிடபிள்யூ34இன் ஏறத்தாழ 7 சதுர மில்லிமீற்றர்ப் பரப்பில் செய்தால் 1.1 நானோபரட். சிலிக்கனில் கோடல் இல்லாமலே அது 70 பிக்கோபரட்தான். 1 மெகாஹேட்ஸ் விரியலாக்கியும் 1 மெகாஓமும் இருக்கையில் சிலிக்கனுக்கு 3.3 பிக்கோபரட் பின்னூட்டக் கொள்ளளவி போதும், சேதனத்துக்கு 13 வேண்டும். சிலிக்கனுக்கு வரைந்த சுற்றில் அப்படியே மாற்றிப் போட்டால் அலைவு கிளம்பும். கொள்ளளவியை ஏற்றினால் பட்டையகலம் 48 கிலோஹேட்ஸிலிருந்து 12க்கு இறங்கும். நாடித்துடிப்புக்கு அது தாராளம், ரிமோட் சைகைக்கு இழுபறி.

செய்முறையிலும் ஈரம்தான் எதிரி. பிஎம்6:வை6ஐ 1:1.2 நிறை விகிதத்தில், மில்லிலீற்றருக்கு 16 மில்லிகிராம் வருமாறு குளோரோபோமில் கரைத்து, 0.5% குளோரோநப்தலீன் சேர்த்து, நிமிடத்துக்கு 3000 சுற்றில் பூசி, 110 பாகை செல்சியசில் 10 நிமிடம் சூடாக்குவது சூரியக்கலக்காரர்களின் வழமை. இதைத் திறந்த மேசையில் செய்தால், குளோரோபோம் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் நீர் படலத்தில் ஒடுங்கி, படலம் வெண்மங்கலாகிவிடும். நைதரசன் பெட்டி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கரைசலை 0.45 மைக்ரோமீற்றர் வடியால் வடியுங்கள், ஏனெனில் 150 நானோமீற்றர்ப் படலத்தில் 1 மைக்ரோமீற்றர்த் தூசி என்றால் மேல் மின்வாய் நேரே கீழே தொடும். உணரிக்குப் படலத்தை 300 வரை தடிப்பாக்குவது நல்லது, கசிவு குறையும்.

கண்ணாடியின்மேல் வரும் முதல் படையாகப் பெடோட்:பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பல்பகுதியம் இங்கே தவறான தெரிவு. அமிலத்தன்மையும் நீரை உறிஞ்சும் குணமும் சேர்ந்து கடத்தும் கண்ணாடியின் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டையே அரிக்கும். கீழே நாக ஒட்சைட்டு, மேலே 10 நானோமீற்றர் மொலிப்டினம் ஒட்சைட்டு, அதன்மேல் 100 நானோமீற்றர் வெள்ளி என்று தலைகீழாக அடுக்குவது மேல். நாக ஒட்சைட்டு கழியூதாக் கதிர் பட்டால் வை6ஐச் சிதைக்கும், ஆகவே முன்னால் கழியூதா தடுக்கும் படலம் ஒட்ட வேண்டும். கடைசியில் மூடு கண்ணாடியை எபொக்சியால் ஒட்டுங்கள். ஓரம் முழுவதும் மூடியிருக்க வேண்டும், இணைப்புக் கம்பி வெளியேறும் இடத்தில்தான் நீர் நுழைகிறது. மூடாத உணரியை இந்த ஊர்க் காற்றில் நம்பி வைக்க முடியாது.

இவ்வளவு தொல்லைக்கும் சேதனத்தைத் தேடுவது ஏன்? வளையும் பிளாஸ்டிக்கில், உள்ளங்கை அகலத்தில், அச்சிட்டே செய்யலாம் என்பதால். 2014இல் பேர்க்லியில் லொக்னர், அரியாஸ் குழு ஒளி உமிழியும் உணரியும் சேதனத்தால் ஆன இரத்த ஒட்சிசன் மானியைக் காட்டியது. வழமையான சிவப்பும் செங்கீழும் அல்ல, பச்சையும் சிவப்பும் அதில் வேலை செய்தன. 2015இல் அர்மின், பர்ன், மெரிடித் குழு படலத்தைத் தடிப்பாக்கியே வடிகட்டி இல்லாத ஒடுங்கிய பட்டை உணரியைச் செய்தது. சிலிக்கனுக்கு அந்த வேலைக்கு வெளியே ஒரு வடிகட்டி வேண்டும்.

மற்றபடி ஒற்றைப் புள்ளி உணரிக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ச் சிலிக்கன் வாங்கிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கருப்பு உறையில் வருவது பகல் ஒளியை வடிகட்டும் ரிமோட் வகை, கட்புல ஒளிக்கு உதவாது. கடையிலேயே பல்மானியை நேரோட்ட வோல்ற்றளவில் வைத்து, வெள்ளை எல்இடி டோர்ச்சை அருகே பிடியுங்கள். தெளிந்த உறை உள்ளது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டும். வெள்ளை எல்இடியில் செங்கீழ் கிட்டத்தட்ட இல்லாததால் கருப்பு உறை சும்மா கிடக்கும். அதே சோதனையில் எதுவும் காட்டாத தெளிந்த உறையும் கிடைக்கலாம். அது பெரும்பாலும் இருவாயி அல்ல, இரு காலுள்ள ஒளித் திரான்சிற்றர்.