பீர் காய்ச்ச மால்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 140 வெள்ளி போச்சு

சிங்கப்பூரில் வீட்டில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை வைத்துப் பீர் காய்ச்சுகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கை இன்னும் ஆத்திரத்தில் நடுங்குகிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள்கள் விற்கும் ஆப் ஒன்றில் 25 கிலோ மூட்டை, இங்கிலாந்து பேல் மால்ட் (வெளிர் நிற மால்ட்), 140 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஒருத்தன் போட்டிருந்தான். போன வருடத்துச் சரக்கு, ஏர்கான் அறையிலேயே இருந்தது என்றான். நேரில் போனேன். தமிழ்தான் பேசினான். "அண்ணே, நான் ஊருக்கே திரும்பிப் போறேன், அதான் தள்ளிவிடுறேன். நம்ம ஆளுக்குக் கெட்டதைக் கொடுப்பேனா?" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே மூட்டை வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். கடித்துப் பார்த்தேன். மொறுமொறுவென்று உடைந்தது, மெல்ல மெல்ல இனித்தது. நல்ல மால்ட் அப்படித்தான் இருக்கும். அங்கேயே 140 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் 5 கிலோ வேண்டுமென்று ஆழமாக அள்ளி அரவை உருளையில் போட்டால், மணி உடையவே இல்லை. அவல் மாதிரி நசுங்கி வந்தது. சரி என்று 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு எடுத்து ஐயோடின் விட்டேன், கறுத்துப் போனது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருந்தால் ஐயோடின் பழுப்பாகவே நிற்க வேண்டும். இன்னும் அரை மணி வைத்தும் அதே கறுப்பு. கரைந்த சர்க்கரையை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 20 லிட்டருக்கு 1.050 காட்ட வேண்டியது, 1.028தான் காட்டியது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற நொதி மால்ட்டில் செத்துப்போயிருக்கும் என்றுதான் தோன்றியது.

அப்புறம்தான் மூட்டையை அப்படியே செய்தித்தாளில் கவிழ்த்தேன். மேலே ஒரு சாண் மட்டும் நல்ல மால்ட். அதற்குக் கீழே முழுக்க நமத்துப்போனது, காறல் வாடை. அடியில் கட்டி கட்டியாக ஒட்டி, மணிகளில் ஊசி ஓட்டை, வண்டு ஊர்கிறது. திட்டம் போட்டு மேலே நல்லதைப் பரப்பியிருக்கிறான்! தேதி ஒட்டியிருந்த சீட்டையும் கிழித்து எடுத்திருக்கிறான்.

மெசேஜ் போட்டேன். முதலில், "தண்ணி சரியில்லாம இருக்கும் அண்ணே." அடுத்து, "உங்க தெர்மாமீட்டரைப் பாருங்க." வண்டு படத்தை அனுப்பியதும், "உங்க வீட்ல ஏறியிருக்கும்." அதோடு பிளாக் செய்துவிட்டான். ஆப்காரர்களிடம் போனால், பணம் நேரில் கைமாறியதால் அவர்கள் தலையிட மாட்டார்களாம். நாலு வரி, அதுவும் எல்லாருக்கும் அனுப்புகிற அதே பதில். என் 140 வெள்ளிக்கு யாருமே பொறுப்பில்லை.

இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் காய்ச்சலாம். அந்த அளவில் ஒரு மூட்டை தீர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இந்த ஊர் ஈரக்காற்றில் அத்தனை நாள் நிற்கிற சரக்குதானா என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம், அதிலேயே ஏமாற்றினான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து எடுத்துக் கடியுங்கள். மொறுமொறுப்பு இல்லாமல் இழுத்தால் ஈரம் ஏறிவிட்டது. தேதிச் சீட்டு இல்லாத மூட்டை வேண்டாம். உடைக்காத மால்ட் காற்றுப் புகாமல் குளிர்ச்சியாக இருந்தால் ஒரு வருடம் தாண்டியும் நன்றாக இருக்கும், பழசு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. உடைத்ததென்றால் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். சந்தேகமா, கால் கிலோவை மட்டும் உடைத்து 67 டிகிரி சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து ஐயோடின் விட்டுப் பாருங்கள். பூஞ்சை கண்ணில் பட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

மிச்ச மூட்டையை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன், ஸ்மால் கிளைம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) காட்ட வேண்டும். மனுவுக்கு 10 வெள்ளி. கட்டத்தான் போகிறேன்.