டயபர் ரேஷ்: இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியது எது?

இரண்டு பிள்ளைகளும் டயபரை விட்டாயிற்று. டயபர் கட்டும் இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும் டயபர் ரேஷுக்காக இத்தனை காலத்தில் வாங்கிப் பார்த்த கிரீம், ஜெல்லி, வைப்ஸ் எல்லாவற்றிலும் கடைசிவரை கைகொடுத்தது வாசனை சேர்க்காத சாதாரண ஜிங்க் ஆக்சைடு கிரீம்தான். ஆனால் அதை மருந்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே அது ஒரு சுவர், அவ்வளவே. அந்தச் சுவருக்குப் பின்னால் புண்ணை ஆற்றிக்கொள்வது தோலின் வேலை.

சிறுநீர் மட்டும் பட்டுத் தோல் அவ்வளவு சீக்கிரம் கெட்டுவிடாது. ஈரத்திலேயே ஊறிய தோல் முதலில் நொய்ந்துபோகும்; டயபர் உரசினாலே சிவக்கும். அதோடு மலமும் சேரும்போதுதான் வினை. மலத்தில் இருக்கும் பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில், மலத்தோடு வரும், கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கும் நொதிகள் இன்னும் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் காலையில் இல்லாத புண் மாலைக்குள் வந்து நிற்பது இதனால்தான்.

ஆகவே எந்தக் கிரீம் என்பதைவிட எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதே பெரிய கேள்வி. மலம் கழித்தால் உடனே. சிறுநீர் மட்டும் என்றால் பகலில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. 12 மணி நேரம் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது டயபர் கசியாமல் இருக்கும் நேரம். குழந்தையின் தோலைக் கேட்டு யாரும் அதை அச்சடிக்கவில்லை. இரவில் சிறுநீருக்காகத் தூங்கும் பிள்ளையை எழுப்பி மாற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. படுக்கப் போகும்போது நன்றாகக் கிரீம் அப்பி, கொஞ்சம் தளர்வாக டயபர் கட்டிவிடுவோம்.

கிரீமைப் பொறுத்தவரை அளவில்தான் பலரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். முகக் கிரீம் மாதிரி தேய்த்து மறையவைத்தால் பிரயோஜனம் இல்லை. தோலின் நிறம் தெரியாத அளவுக்கு வெள்ளையாக அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்பகுதியை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் வெள்ளையை அப்படியே விட்டு, அதன்மேலேயே பூசலாம். சுரண்டி எடுக்கப்போனால் ஆறிவரும் தோலும் சேர்ந்து உரியும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் பஞ்சில் கொஞ்சம் பேபி ஆயில் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீம்கள் கிடைக்கின்றன. சதவீதம் குறைவான கிரீம் லேசாகப் பரவும், தினசரிக்குச் சரி. 40 சதவீதம் களிம்பு போலக் கெட்டியாக இருக்கும். சிவந்துவிட்ட இடத்துக்கு அதைத்தான் எடுப்பேன். குறை சொல்வதென்றால், துணியில் பட்டால் லேசில் போகாது. நகக்கண்ணில் ஏறினாலும் அதே கதைதான்.

பெட்ரோலியம் ஜெல்லி தடுப்புக்கு நல்லது. பூசிய பிறகும் தோல் எப்படி இருக்கிறது என்று தெரியும் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஜிங்க் பூசி அதன்மேல் ஒரு பூச்சு ஜெல்லி போட்டால் டயபர் கிரீமோடு ஒட்டிக்கொள்ளாது.

வைப்ஸ் வெளியே போகும்போது வசதி. ஆனால் ஆல்கஹாலும் வாசனையும் கலந்தவை வேண்டவே வேண்டாம். தோல் உரிந்திருக்கும்போது எந்த வைப்ஸும் வேண்டாம். வாய் குறுகிய பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, கை படாமல் பீய்ச்சிக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுப்போம். வைப்ஸைக் கண்டாலே காலை உதறி வீறிட்ட பிள்ளை இதற்கு முனகலோடு நிறுத்திக்கொண்டது. டால்க் பவுடர் மூச்சோடு நுரையீரலுக்குள் போகக்கூடியது. அதை வாங்கவே இல்லை. துணி டயபரும் வைத்திருந்தோம். அது நனைந்தவுடன் மாற்றியாக வேண்டும், சோப்பு மிச்சமில்லாமல் அலச வேண்டும். நேரம் இருப்பவர்களுக்குச் சரிப்படும்.

இவ்வளவும் செய்து ஆறாத ஒரு ரேஷும் வந்தது, இளையவனுக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த கையோடு. சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் டயபர் உரசும் மேடான இடங்களில்தான் வரும், தொடை இடுக்கின் மடிப்பை விட்டுவிடும். இதுவோ மடிப்புக்குள்ளேயே ரத்தச் சிவப்பாக இருந்தது. ஓரத்தைத் தாண்டியும் தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். டாக்டர் பார்த்தவுடனே கேண்டிடா பூஞ்சை என்றார். பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் கிரீம் எழுதிக் கொடுத்தார். முதலில் அதை மெல்லிசாக, அப்புறம் அதன்மேல் ஜிங்க். சில நாளில் அடங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில், பெரியவர்களுக்கு வாங்கி மிச்சமிருந்த ஸ்டீராய்டு கலந்த டியூபைப் போடச் சொல்லி ஆலோசனை வந்தது. அதை மட்டும் செய்துவிடாதீர்கள். டயபரால் மூடிய தோல் ஸ்டீராய்டை அதிகமாக உறிஞ்சும். லேசான ஸ்டீராய்டு என்றாலும் டாக்டர் சொல்லாமல் கூடாது. 2, 3 நாளில் தடிப்பு குறையவில்லை, கொப்புளம், சீழ், மஞ்சள் பொருக்கு, ரத்தக் கசிவு தெரிகிறது, அல்லது காய்ச்சலும் இருக்கிறது என்றால் கிரீம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் டப்பாவைவிட டியூபாக எடுங்கள். டயபர் மாற்றிய கையை டப்பாவுக்குள் விட்டு விட்டு எடுக்கும் சங்கடம் இருக்காது. முதலில் சின்ன டியூப் போதும். குழந்தைக்கு ஒத்துக்கொண்டால் பெரியது வாங்கிக்கொள்ளலாம்.