தேதியை அழித்து விற்கிறார்கள்: பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில், நடுராத்திரி வரை திறந்திருக்கும் ஒரு மினி சூப்பர் மார்க்கெட். அங்கே காலாவதியான குழந்தை உணவை, பழைய தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதி குத்தி எனக்கு விற்றிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், கைக்குழந்தை இருக்கும் வீடுகள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

வாங்கியது வெந்நீரில் கரைத்துக் கொடுக்கிற சத்துணவு மாவு. வெளியே அட்டைப்பெட்டி, உள்ளே ஃபாயில் பை. பையைப் பிரித்ததுமே அத்தை முகம் சுளித்தார். "காறல் வாடை அடிக்குதும்மா, புள்ளைக்குக் குடுக்காத" என்றார். நல்லவேளை, பையன் வாயில் ஒரு ஸ்பூன்கூடப் போகவில்லை.

அட்டையைப் பார்த்தால் காலாவதிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. உள்ளே இருந்த ஃபாயில் பையின் ஓரத்து மடிப்பிலும் பேட்ச் எண்ணும் தேதியும் அச்சாகியிருந்தது. அதன்படி மாவு காலாவதியாகி நான்கு மாதம் ஆகிவிட்டது. பேட்ச் எண் இரண்டிலும் ஒன்றுதான், தேதி மட்டும் வேறு. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். தேதி இருந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய், தேய்த்த தடம் தெரிந்தது. கம்பெனி மெஷின் அச்சு சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். பேட்ச் எண், விலை, தயாரிப்புத் தேதி எல்லாம் ஒரே சாய்வில் ஒரே மையில் விழும். இங்கே காலாவதித் தேதி மட்டும் ரப்பர் ஸ்டாம்பில் குத்தியதுபோல் கொழகொழவென்று, வரிசையைவிட்டுக் கொஞ்சம் இறங்கி இருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்தால் கம்பெனி அச்சிட்ட மை அழிந்துவிடுமாம். இதைப் பிறகு ஒரு மொத்த வியாபாரியே சொன்னார்.

கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "கம்பெனியில இருந்தே அப்படித்தான்க்கா வருது" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி வந்தார். பார்த்ததுமே, "மேடம், வேற பாக்கெட் எடுத்துக்கோங்க, இல்ல காசைத் திருப்பித் தர்றேன், இதைக் குடுங்க" என்று கையை நீட்டினார். பெட்டியைத் தர மாட்டேன், விசாரிக்க வேண்டும் என்றதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. "நீங்களே பிரிச்சு எதையோ கலந்து எடுத்துட்டு வந்துட்டு கடை மேல பழி போடுறீங்களா?"

இந்த இடத்தில்தான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். காசு திரும்ப வருகிறதே என்று பாக்கெட்டைக் கொடுத்துவிட்டால் ஆதாரம் முழுதும் அவர்கள் கைக்குப் போய்விடும். அதன்பிறகு உங்கள் பேச்சு ஒரு பக்கம், அவர் பேச்சு ஒரு பக்கம், அவ்வளவுதான். காசைவிடப் பில்லும் பெட்டியும் முக்கியம்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. அட்டை, ஃபாயில் பை, பில் மூன்றையும் போட்டோ எடுத்து அதில் அனுப்பினேன். பில்லில் கடையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைக்குக் கொடுக்கும் எண், இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அந்த எண் கட்டாயம். அது இல்லாத பில்லைக் கொடுக்கிற கடை என்றால் அப்போதே கேளுங்கள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு ஆய்வுக்கு வந்தார், உண்மையாகவே பொறுமையாகப் பார்த்தார். ஆனால் அதற்குள் அந்த ஷெல்ஃப் துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிட்டது. என் பெட்டியையே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பிரிச்ச பாக்கெட்டைச் சட்டப்படி மாதிரியா எடுக்க முடியாதும்மா. கடையில விக்கிறதுக்கு இருக்கறதைத்தான் நான் எடுக்கணும்" என்றார். அப்படி எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைத்து, ஒரு பங்கைப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புவார்களாம். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். பின்னறையில் காலாவதியான பிஸ்கட்டும் ஜூஸும் விற்கிற சரக்கோடு சரக்காகக் கலந்து கிடந்தன. காலாவதியானதைத் தனியாக ஒதுக்கி, விற்பனைக்கு அல்ல என்று எழுதி வைக்க வேண்டும். அதற்காகக் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். தேதி மாற்றிய விஷயம் தனியாக விசாரணையில் இருக்கிறது.

கல்லாவுக்கு மேலே உரிமச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கடையை நம்பி நிறையப் பேர் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காகிதம் கடை நடத்த அனுமதி, அவ்வளவுதான். இன்றைக்கு ஷெல்ஃபில் இருக்கும் சரக்கை யாரும் பார்த்துச் சான்று கொடுக்கவில்லை. ஓர் அலுவலரின் எல்லைக்குள் ஹோட்டல், பேக்கரி, தண்ணீர் கேன் கம்பெனி, கறிக்கடை, தள்ளுவண்டி எல்லாம் வருகின்றன. உங்கள் தெருக் கடைக்கு அவர் என்றைக்கோ ஒருநாள்தான் வர முடியும்.

விற்காமல் தங்கிய சரக்கைச் சின்னக் கடைகளிடமிருந்து சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் திருப்பி எடுப்பதில்லை, நஷ்டம் கடைக்காரர் தலையில் விழுகிறது என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் குழந்தை வயிற்றில் கை வைப்பதா? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, காலாவதியான பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்று நேரடியாகச் சொல்கிறது. பொய்யான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

சந்தேகம் வந்தால் பிரிக்காத இன்னொரு பாக்கெட்டையும் பில்லோடு வாங்கி வையுங்கள். 40ஆவது பிரிவின்படி, வாங்குகிற நாமே கட்டணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தேதியின் மேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பொருளை எடுக்காதீர்கள். பனீர், தயிர் பாக்கெட் உப்பியிருந்தாலும், ஐஸ்கிரீம் மூடியைத் திறந்ததும் மேலே பனித்துகள் படிந்திருந்தாலும் ராத்திரியில் ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் அணைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் சமீபத்தில் அட்டைப்பெட்டியில் குழந்தை உணவு வாங்கியவர்கள், வெளித் தேதியையும் உள்பையின் தேதியையும் இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். ஒரே கடை மேல் நாலு புகார் சேர்ந்தால் விசாரணைக்கு வலு கூடும்.