சிகாகோவில் ஒரே மேயருக்கு இரண்டு தடவை ஓட்டு: சேவைக்கு நாலு ஸ்டார், தேதிக்கு ஒன்று

பிரியாணிக் கடை, செல்போன் என்று எதற்கெல்லாமோ ஸ்டார் கொடுக்கிறோம், ஓட்டுச்சாவடியை மட்டும் ஏன் விடுவானேன். 2023 சிகாகோ மேயர் தேர்தலில் பிப்ரவரி 28 முதல் சுற்று, ஏப்ரல் 4 இரண்டாம் சுற்று. முதல் சுற்றுக்கு முன்கூட்டியே நேரில் போய்ப் போட்டேன், இரண்டாவதுக்குத் தபாலில்.

நேரில் போனது நல்ல அனுபவம். ஏற்கெனவே பதிவு செய்தவர் என்றால் பெரும்பாலும் கையெழுத்து ஒத்துப்போனால் போதும், அடையாள அட்டையைக் கேட்பதில்லை. பதிவு செய்யாதவர்கூட அன்றைக்கே பதிந்து ஓட்டுப் போடலாம். விரலில் மை மட்டும் கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தொடுதிரையில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. இங்கேயுமா என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தைத் தொட்டேன். பத்தே நிமிடத்தில் வெளியே.

தபால் அதைவிட வசதி. ஒரு தடவை பெயர் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால், அப்புறம் இரண்டு வாரம் வரை வந்து சேருவதையும் எண்ணுகிறார்கள். அதனால் முடிவு இழுக்கும், பொறுமை வேண்டும். பிராண்டன் ஜான்சன் ஜெயித்தது அன்று இரவே தெரிந்தது, ஆனால் தபால் ஓட்டு வரவர வித்தியாசம் கூடிக் கடைசியில் சுமார் 26,000 ஓட்டில் நின்றது.

இவ்வளவு வசதி செய்தும் கூட்டம் வரவில்லை, என் குறையே அதுதான். முதல் சுற்றில் சுமார் 36 சதவீதம், இரண்டாவதில் 39-ஐ ஒட்டி. இதையே முன்னேற்றம் என்று சொல்லவேண்டிய நிலை, ஏனென்றால் 2019-இல் இரண்டாம் சுற்றுக்கு முதல் சுற்றைவிடக் குறைவான பேர்தான் வந்தார்கள். இதே ஊர் 2020 நவம்பர் அதிபர் தேர்தலில் 70 சதவீதத்தைத் தாண்டியது! ஜனங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாமல் இல்லை. உள்ளூர்த் தேர்தலைத் தனியாகப் பிரித்து, பிப்ரவரிப் பனியில் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்து, யாரும் பாதியைத் தாண்டவில்லை என்றால் ஏப்ரலில் திரும்பவும் வா என்றால் யார் வருவார்கள்? ஒன்பது பேர் நிற்கும்போது பாதியை எங்கே தாண்டுவது? பதவியில் இருந்த லோரி லைட்ஃபுட்டே மூன்றாவதாக வந்து வெளியேறினார், மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் ஒருவர் பதவியில் இருந்தபடி போட்டியிட்டுத் தோற்றது 40 வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் ஓட்டுப் போட்ட ஆளும் தேறவில்லை, அதை விடுங்கள்.

கூட்டம் குறைந்தால், கதவைத் தட்டி ஆளைக் கூட்டிவர முடிந்தவன் கைக்குத்தான் பலம் போகும். அப்பாவும் பிள்ளையுமாக டேலி குடும்பம் 43 வருடம் மேயர் நாற்காலியில் இருந்த காலத்தில் அந்த வேலையை வார்டு கட்சிக்காரர்கள் செய்தார்கள். 2023-இல் ஜான்சனுக்கு ஆசிரியர் சங்கம் செய்தது, அவரே அந்தச் சங்கத்தின் அமைப்பாளராக இருந்தவர்தான். எதிரே நின்ற பால் வாலஸுக்குப் போலீஸ் சங்கத்தின் ஆதரவு. முதல் சுற்றில் வாலஸ் 33 சதவீதம், ஜான்சன் 22-ஐ ஒட்டித்தான். ஆனால் லைட்ஃபுட் பிடித்திருந்த தெற்கு, மேற்குப் பகுதிக் கறுப்பின வார்டுகள் பெருமளவு ஜான்சன் பக்கம் திரும்பின, ஏரிக்கரையோர வடக்கு வார்டுகளிலும் அவருக்கு நல்ல ஓட்டு. வடமேற்கும் தென்மேற்கும், போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் நிறைய வசிக்கும் இடங்கள், வாலஸோடு நின்றன. கடைசிக் கணக்கு 52-க்கு 48.

ஊரில் பதிவு செய்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர், ஜான்சனுக்கு விழுந்தது மூன்றரை லட்சத்துக்கும் குறைவு. சாவடிக்கு நாலு ஸ்டார், தபாலுக்கு நாலரை, தேதிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் ஏப்ரலில் பனி உருகியிருந்ததற்காக.