மகளிர் உரிமைத் தொகை: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் 2070ஆம் ஆண்டில் தாமிரபரணிக் கரை ஊர்களில் எல்லோருக்கும் நிபந்தனையின்றி மாதந்தோறும் அடிப்படை வருமானம் வருகிறது. பெண்களின் மணிக்கட்டில் கட்டிய கருவி மெல்ல அதிர்ந்து பணம் வந்ததைச் சொல்கிறது. "ஏட்டி, நீ ஆயிரம் ரூவா வாங்குதியே, எப்படி இருக்குன்னு எழுதித் தா" என்றாள்.

குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் தருவதாகத் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. குடும்ப அட்டைக்கு ஒருவர் என்பதால், ஒரே அடுப்பில் சமைக்கும் என் மதினிக்கு இது கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் 2011இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு நடத்திய அடிப்படை வருமானச் சோதனையைத் தோழி அடிக்கடி எடுத்துக்காட்டுவாள். அங்கே வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் முதலில் மாதம் 200 ரூபாய், அவரவர் பெயரிலேயே தந்திருக்கிறார்கள்.

முக்கூடலில் பீடி சுற்றும் எனக்குக் கூலி கைக்கு வருமுன்பே மளிகைப் பாக்கி, சீட்டு, குழுக் கடன் என்று அதற்குக் கணக்கு முடிந்துவிடும். இந்த ஆயிரத்துக்கு மட்டும் அப்படி யாரும் காத்திருக்கவில்லை. முதல் மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து எனக்கொரு கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு பீடித் தட்டை மடியில் வைத்தபோது இலையின் நரம்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கத்தரி தானாக அதை விலக்கிப் போயிற்று. பீடிக் கடையில் கழிவென்று ஒதுக்குவது பாதியாகக் குறைந்தது. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் பணம் வந்த செய்தி என் கணவரின் கைபேசிக்குத்தான் போகும். கணக்குத் தொடங்கியபோது வீட்டில் ஒரே கைபேசி இருந்ததால் அவருடைய எண்ணைக் கொடுத்திருந்தோம். நியாயமாகச் சொன்னால், அவர் ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை. "ஏளா, ஒனக்குத் துட்டு வந்துட்டு" என்று தெருவிலிருந்தே சத்தம் போடுவார். நான் எழுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி இருநூறு கைமாற்றுக்கு வாசலில் நிற்பாள்.

எண்ணை மாற்ற அம்பாசமுத்திரத்திலுள்ள வங்கிக்கு நான்கு முறை போனேன். முதல் முறை ஆதார் நகலில் கையெழுத்து இல்லை. அடுத்த முறை, பழைய எண்ணுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டார்கள். அந்தக் கைபேசியோ அவரோடு வேலைக்குப் போயிருந்தது. மூன்றாம் முறை சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் அரைநாள், அதாவது ஏறக்குறைய நானூறு பீடி. (பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் அந்தக் காசாவது மிஞ்சியது.)

ஆகவே தோழிக்கு என் பதில்: இதைப் பார்த்து உன் கதையை எழுதாதே, இந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மணிக்கட்டுக் கருவியில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு.

நான்காம் முறை எண்ணை மாற்றிவிட்டார்கள். இந்த மாதம் 15ஆம் தேதி தட்டுக்கு அடியில் கிடந்த என் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தேன்.

இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார்: "இந்த மாசம் துட்டு வரலியோ?"

"ரசம் ஆறுது, ஊத்திக்கிடுங்க" என்றேன்.